நாற்பது எழுத்து

படத்தில் பாலிக் புலாவ் பச்சை.
எந்தப் பச்சை என்று படத்துக்குத் தெரியாது.
எழுநூறு கிலோமீட்டர் மேலேயிருந்து
நெல்லும் டுரியானும் கண்டலும்
ஏறக்குறைய ஒரே நிறம்.
அதனால்தான் என்னை அனுப்பினார்கள்,
ரப்பர் பூட்ஸ், அளவு நாடா,
நனையாத தாளில் அச்சடித்த படிவத்தோடு.

சுங்கை பினாங் கழிமுகத்தில் ஹம்டானின் படகு.
நாளுக்கு நூற்றெண்பது வெள்ளி. டீசல் தனி.

பத்து மீட்டருக்குப் பத்து, கயிறு கட்டுவேன்.
உள்ளே நிற்கிற மரங்களை
நெஞ்சு உயரத்தில் ஒவ்வொன்றாய் அணைத்து
சுற்றளவு படிப்பேன்.
ஹம்டான் எழுதுவார்:
பாக்காவ், நாற்பத்தெட்டு.
அப்பி-அப்பி, எழுபத்தொன்று.
கம்பியை விட்டால்
ஒன்று புள்ளி நாலு மீட்டர்
சத்தமே இல்லாமல் இறங்கும்.
சேறு ஒருநாள் என் இடது பூட்ஸை வாங்கிக்கொண்டது,
திருப்பித் தரவில்லை.
அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

மொத்தம் இருபத்திரண்டு குறியீடு.
ஒன்று, காடு. நான்கு, சதுப்பு.
பதினொன்று, இறால் குளம்.
தொண்ணூற்றொன்பது, பிற.
'பிற' கூடினால் மேலிருந்து கேள்வி வரும்
என்று முன்பே சொல்லியிருந்தார் லோகேந்திரன் சார்.

ஆறு நாள், நாற்பத்தொரு கட்டம்.
ஏழாம் நாள் அலுவலகத்தில்
படகு போன தடத்தைத் திரையில் இறக்கினேன்.
எல்லா ஓடைக்குள்ளும் நுழைந்து வந்த கோடு
ஓரிடத்தில் மட்டும்
தூங்குகிறவனை மிதிக்காமல் போவதுபோல்
வளைந்து போயிருந்தது.
மூன்று முறை அந்த வழி போனோம்.
மூன்று முறையும் வளைவு.
படத்தில் சரியாக அதற்கு மேலே
ஒரு மேகம்.

மறுநாள் கேட்டேன்.
ஹம்டான் இஞ்சினை அணைத்தார்.
'அங்கே கெராங் குஞ்சு இருக்கு.
என் அக்கா ரொஹானி, பக்கத்து வீட்டு பூன் கியாட்,
இன்னும் ஒன்பது பேர்.
தண்ணி வற்றினால் கையால கிளறுவோம்.
நீ எழுதினா விலை தெரிஞ்சிடும்.'

எழுதாவிட்டால் காலி என்று வரும், என்றேன்.
காலியாய்க் கிடக்கும் இடத்தில்தான்
ரூலர் முதலில் இறங்கும்.

அலை படகைத் தட்டிக்கொண்டே இருந்தது.
'உன் தாளில் இந்த ரெண்டுக்கும் நடுவிலே
ஒண்ணுமே இல்லையா?'

வற்றுநேரத்துக்குக் கூட்டிப்போனார்.
ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி
மறுகாலால் சேற்றை உதைத்து
ரொஹானி வழுக்கிக்கொண்டு போனார்,
நாங்கள் இருப்பதையே பார்க்காமல்.
பதினொரு பலகைகள்,
பதினொரு நீளக் கோடுகள்.
நான் அளக்கவில்லை.
இல்லை, அளந்தேன்.
எழுதவில்லை.

வியாழன் ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும்.
நாலு ஐம்பதுக்கு அந்தக் கட்டத்தில்
தொண்ணூற்றொன்பது போட்டேன்.
கருத்துப் பத்தியில் நாற்பது எழுத்துதான் ஏறும்.
மலாயில் அடித்தேன்:
'நீர் வற்றும்போது பதினொரு பேர் கையால்'
வரை ஏறியது.
மிச்சத்தை வேறு மாதிரி, இன்னும் வேறு மாதிரி,
சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன்.
ஐந்து மணி.

அடுத்த மாதம் ஹம்டான் போன் செய்தார்.
டீசல் பணம் வரவில்லை.
அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

கணக்குப் பிரிவுக்கு இறங்கிப் போனேன்.
முகவரி கணினியில் சிக்கவில்லையாம்.
வீட்டு எண் எழுத வேண்டிய இடத்தில்
'கழிமுகம்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.
'இந்த ஆள் எங்கேதான் இருக்கிறார்?'
என்றாள் அங்கிருந்த பெண்,
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

மேகத்துக்குக் கொஞ்சம் கிழக்கே,
என்றேன்.